விற்கப்போகும் வீட்டுக்கு எந்த நிறம்? முதலில் சுவர் காயட்டும், அப்புறம் தரையைப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடியில் அப்பா 1996இல் கட்டிய வீடு எங்களுடையது. அப்பா இப்போது இல்லை, அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். அவரைத் திருப்பூருக்கு எங்களோடு அழைத்துக்கொண்டு வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஹால் ரோஸ், ஒரு படுக்கையறை கிளிப்பச்சை, இன்னொன்று வயலட், அடுப்படி மஞ்சள். தரை முழுக்க மொசைக். ஹாலிலும் பின்பக்க அறையிலும் சுவரின் அடியில் உப்பு பூத்து பெயிண்ட் உதிர்கிறது. எல்லாவற்றுக்கும் பளிச்சென்று வெள்ளை அடிக்கச் சொல்கிறார் புரோக்கர். இப்போது சாம்பல் நிறம்தான் ஓடுகிறது, ஹாலில் ஒரு சுவருக்கு டெக்ஸ்சர் போட்டால் எடுப்பாக இருக்கும் என்கிறார் பெயிண்டர். அம்மாவுக்கு ரோஸை மாற்றவே மனமில்லை, அது அப்பா தேர்ந்தெடுத்த நிறம். தீபாவளிக்கு முன் வேலையை முடித்துவிட நினைக்கிறோம். எந்த நிறம் அடிக்கலாம், சார்?

பதில்:

வணக்கம்மா. நிறத்தைச் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் தீபாவளிக் கணக்கை விட்டுவிடுங்கள். புரட்டாசியில் எழுதியிருக்கிறீர்கள், ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க இனிமேல்தான் இருக்கிறது, உங்கள் சுவரில் ஏற்கெனவே ஓதம், அதாவது மண்ணிலிருந்து வரும் ஈரம், ஏறியிருக்கிறது. இதன் மேல் எவ்வளவு விலையுள்ள பெயிண்டை அடித்தாலும் மார்கழிக்குள் கொப்பளித்துவிடும். தை பிறந்து ஆட்கள் வீடு பார்க்க வரும்போது புதுப் பெயிண்ட் உரிந்து நிற்கும். பழைய பெயிண்ட் உரிந்திருந்தால், வருகிறவர் ‘சரி, பெயிண்ட் அடிக்க வேண்டிய வீடு’ என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். புதுப் பெயிண்ட் உரிந்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார், அதற்கப்புறம் அவர் கேட்கும் விலையே வேறு.

நம் பக்கத்தில் இது ஏன் இவ்வளவு அதிகம் என்றால் மண் அப்படி. களிமண் தண்ணீரைப் பிடித்தால் லேசில் விடாது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் ஜனவரி 28 வரைக்கும் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும், வயலில் தேங்கி நிற்கும், நடுவில் வடகிழக்குப் பருவமழை வேறு. பாமணியாற்றை ஒட்டிய ஊரில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுகிற மாதங்கள் இவை. செங்கல்லும் பூச்சும் அந்த ஈரத்தை மெல்ல மேலே இழுக்கும். மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பு தண்ணீரில் கரைந்து கூடவே ஏறும். சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிக் கட்டியாகி, பெயிண்டை உள்ளிருந்து தள்ளும். நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பூஞ்சணம் மாதிரியான பொடி அதுதான். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், உப்பு மறுபடி கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, பொடியை அள்ளி வெளியே கொட்டச் சொல்லுங்கள்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய் கூட பெயிண்டுக்குச் செலவு செய்யாதீர்கள். ஊருக்குப் போகும்போது வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். வெளியே மண் மேடாகி வீட்டின் அடித்தளத்துக்குச் சமமாக வந்திருக்கிறதா? நம் ஊர்களில் ரோடு போடப்போட உயர்ந்துகொண்டே போய், நாலு படி ஏறிப் போன வீடெல்லாம் ஒரு படியில் வந்து நிற்கிறது. கொல்லைப்பக்கம் செடிக்காக மண் கொட்டியிருப்பார்கள், அது சுவரைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா என்றும் பாருங்கள். பின்பக்க அறைக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும். மண்ணை வெட்டி எடுப்பதும் குழாயை நீட்டி விடுவதும் இரண்டு ஆள் ஒரு நாள் வேலை, அதை இப்போதே மழைக்கு முன் செய்துவிடலாம்.

அப்புறம், உப்புக் கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரிய அப்படியே விட்டுவையுங்கள். அம்மாவுக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும், புரிகிறது. ஆனால் சுவர் மூச்சு விட்டுக் காய வேறு வழியில்லை. தையில் புதுப் பூச்சு பூசலாம், நல்ல தண்ணீரில் கலந்து பூச வேண்டும், உப்பான போர்வெல் தண்ணீரில் கலந்தால் வந்த வினை திரும்ப வந்துவிடும். புதுப் பூச்சுக்கு 28 நாள் கொடுங்கள். மாசியில் பெயிண்ட். மாசிக் கடைசியில் வீட்டைக் காட்ட ஆரம்பித்தால், வாங்குகிறவர் சித்திரை வைகாசியில் பால் காய்ச்சிக் குடியேற வசதியாக இருக்கும், ஆடிக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். விற்பனைக்கும் இது நல்ல காலம், தள்ளிப்போகிறதே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

காய்ந்துவிட்டதா என்று கைவைத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு ராத்திரியும் மறுநாள் காலையும் விடுங்கள், 16 மணி நேரமாவது இருக்க வேண்டும். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் பிசுபிசுத்தால் அது அறைக் காற்றின் ஈரம், பயமில்லை. மாசியிலும் உள்பக்கம் கோத்தால் பெயிண்டரை நிறுத்திவிட்டு ஒரு கட்டட இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அடிச்சுவரில் துளையிட்டு ஓதத்தைத் தடுக்கும் மருந்து ஏற்றும் வேலை தேவைப்படலாம்.

சரி, நிறத்துக்கு வருவோம்.

ஷேட் கார்டைக் கையில் எடுப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். சுவரை மாற்றலாம், மொசைக்கை மாற்றப் போவதில்லை, ஆக தரைதான் சுவர் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளை ஏ4 தாளைத் தரையில் வையுங்கள். சும்மா பார்த்தால் ‘ஏதோ சாம்பல்’ என்று தோன்றுகிற மொசைக், அந்தத் தாளுக்குப் பக்கத்தில் தன் நிறத்தைக் காட்டிவிடும். பச்சையும் கறுப்புமாகச் சில்லு போட்டதா, அல்லது வெள்ளை சிமென்ட்டில் மஞ்சளும் பழுப்புமாகப் போட்டதா என்பது அப்போது தெரியும். பச்சை, கறுப்பு என்றால் மஞ்சள் மிகக் குறைவாக உள்ள ஆஃப் ஒயிட். பழுப்பு, மஞ்சள் என்றால் லேசான சந்தனம் கலந்த ஐவரி. மொசைக்குக்குப் பக்கத்தில் மஞ்சள் தூக்கலான கிரீமை அடித்தால், நல்ல நிலையில் இருக்கிற தரையே அழுக்கேறியது மாதிரித் தெரியும், வருகிறவர் மனதுக்குள் டைல்ஸ் மாற்றும் செலவைக் கூட்டிக்கொள்வார். முப்பது வருடத்தை நெருங்கும் மொசைக்கை மெஷின் விட்டு பாலிஷ் போட்டாலே கண்ணாடி மாதிரி ஆகும், பெயிண்டுக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள், அந்தச் சேற்றுத் தண்ணீர் சுவரில் தெறிக்கும்.

இரண்டாவது, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? நம் வீடுகளில் பெரும்பாலும் தென்னை, வாழை, கொஞ்சம் தள்ளினால் வயல். பச்சையில் பட்டு உள்ளே வருகிற வெளிச்சம் பச்சை ஏறித்தான் வரும். கடையில் அழகாகத் தெரிந்த பச்சை கலந்த வெள்ளை, இந்த வெளிச்சத்தில் பாசி படிந்தது போல ஆகிவிடும். அப்படிப்பட்ட அறைக்குக் கொஞ்சம் சிவப்புச் சாயல் கொண்ட ஐவரிதான் பொருந்தும். மேற்குப் பார்த்த அறையில் சாயங்கால வெயிலே மஞ்சளைக் கொண்டுவந்துவிடும், அங்கே சுவரிலும் மஞ்சள் வேண்டாம்.

நிறங்களின் பட்டியலில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் கொடுத்திருப்பார்கள், பெரிய பெயிண்ட் கம்பெனிகளின் இணையதளத்திலும் கிடைக்கும். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் கணக்கு அது, கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. விற்கிற வீட்டுக்கு 70க்குக் கீழே போகாதீர்கள். 90களில் கட்டிய வீடுகளில் ஜன்னல் சின்னது, மேலே சன்ஷேட் வேறு நீண்டிருக்கும், இருக்கிற வெளிச்சத்தை வயலட்டும் கிளிப்பச்சையும் விழுங்கிவிடுகின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அறை பத்துக்கு எட்டு போலத் தெரிவது அதனால்தான்.

இப்போது பெயிண்டர் சொன்ன சாம்பல். சென்னை அபார்ட்மென்ட்டில், பெரிய கண்ணாடி ஜன்னலும் வெள்ளை டைல்ஸும் உள்ள இடத்தில் சாம்பல் நன்றாகத்தான் இருக்கும். டெல்டாவில் விற்கிற வீட்டுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். மேகம் மூடிய நாளில் சாம்பல் சுவர் ஈரமான சிமென்ட் பூச்சு போலத் தெரியும். நம் ஊரில் வீடு பார்க்க வருகிறவர் முதலில் தேடுவதே ஓதத்தைத்தான். கூடவே ஒரு கொத்தனாரையோ விவரம் தெரிந்த பெரியவரையோ அழைத்து வருவார், அவர் ஹாலில் உட்காரக்கூட மாட்டார், நேராகப் பீரோவுக்குப் பின்னால் போய்ச் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார், கதவு நிலையின் அடியை விரல்கணுவால் தட்டிப் பார்ப்பார். காய்ந்த சுவரையே ஈரமாகக் காட்டுகிற நிறத்தை நாமே ஏன் காசு கொடுத்து அடிக்க வேண்டும்? டெக்ஸ்சரும் அப்படித்தான். செலவு அதிகம், பிடிக்காதவர் அதைச் சுரண்டி எடுக்க மறுபடி செலவு செய்ய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் ‘இந்த ஒரு சுவரில் மட்டும் எதற்கு?’ என்ற கேள்வி வரும்.

புரோக்கர் சொன்ன வெள்ளை கிட்டத்தட்ட சரி. ஆனால் சுத்த வெள்ளை சீலிங்கோடு நிற்கட்டும். நம் வீடுகளில் மாட்டியிருக்கிற எல்.இ.டி. டியூப்புகள் பெரும்பாலும் 6500கே (கே என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு), நீலம் கலந்த வெளிச்சம், அதில் சுத்த வெள்ளைச் சுவர் வெளிறிப்போய்க் குளிர்ந்து கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலை முடித்து வீடு பார்க்க வருகிறவர்கள்தான் நிறையப் பேர், அவர்கள் பார்ப்பது டியூப் வெளிச்சத்தில்தான். ஹாலிலும் படுக்கையறையிலும் அவ்வளவு நீலம் இல்லாத 4000கே டியூப் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

பூச்சு கையால் தேய்த்தது, மேடு பள்ளம் இருக்கும். பளபளக்கிற ஷீன் வகை வேண்டாம், சாயங்கால வெயில் சுவரோடு சாய்ந்து விழும்போது கரணை ஓடிய தடமெல்லாம் எடுத்துக் காட்டிவிடும். மினுங்காத மேட் ஃபினிஷ் எமல்ஷன் கேளுங்கள். வயலட், கிளிப்பச்சை சுவர்களுக்கு நேரடியாக வெளிர் நிறம் அடித்தால் மூன்று கோட் போனாலும் அடிநிறம் எட்டிப் பார்க்கும், ஒரு கோட் வெள்ளை பிரைமர் அடித்துவிட்டு மேலே இரண்டு கோட் அடித்தால் போதும். அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகுதான் எதுவும். எல்லா அறைக்கும் ஒரே நிறமா என்றால், ஆமாம், தரையையும் வெளிச்சத்தையும் பார்த்து எல்லா அறைக்கும் பொதுவாகப் பொருந்துகிற ஒரே நிறம்தான். ஹாலிலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு வாசல் வழியாகவும் ஒவ்வொரு நிறம் தெரிந்தால் வீடு துண்டு துண்டாக இருக்கும், ஒரே நிறம் ஓடினால் அதே வீடு பெரிதாகத் தெரியும். போனில் படம் எடுத்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அனுப்பி அங்கிருந்துதான் பலர் முடிவு செய்கிறார்கள், ரோஸ் அறையில் எடுத்த படத்தில் தரை, சீலிங், ஆள் எல்லாமே ரோஸாக இருக்கும், வீடு எப்படி என்றே தெரியாது.

அளவுக்கு ஒரு கணக்கு: நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சுமார் 120 சதுர அடி வரும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி, கதவு ஜன்னல் கழித்தால் 380 வரும், மூன்று மூன்றரை லிட்டர் போதும். மொத்த வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே கடையில் கலந்து வாங்குங்கள். அடுத்தடுத்த தடவை மெஷினில் கலக்கும்போது மயிரிழை வித்தியாசம் வந்தால்கூட நடுச்சுவரில் பளிச்சென்று தெரியும்.

நிறத்தை முடிவு செய்ய, இரண்டு மூன்று ஷேடில் 200 மில்லி சாம்பிள் வாங்கி, இரண்டடி சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து வையுங்கள். ரோஸ் சுவரிலேயே அடித்துப் பார்க்காதீர்கள், ரோஸுக்குப் பக்கத்தில் எந்த வெள்ளையும் பச்சையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அட்டையின் கீழ் விளிம்பு மொசைக்கைத் தொடுகிற மாதிரி நிறுத்தி, பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு ரோஸை மறைத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கும் உச்சியிலும் நாலு மணிக்கும் டியூப் போட்ட பிறகும் பாருங்கள். நாலு நேரமும் உறுத்தாமல் இருக்கிறது எதுவோ அதுதான் உங்கள் நிறம்.

ஜன்னல் கம்பிகளுக்கு 1996லிருந்தே எனாமல் அடித்து வந்திருப்பீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம், தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்கச் சொல்லுங்கள், அன்றைக்கு அம்மாவும் பிள்ளைகளும் வீட்டில் இருக்க வேண்டாம்.

வெளியே, முகப்புக்கு வெளிர் ஐவரி, அடித்தளப் பட்டைக்கு மட்டும் பழுப்பு. மழையில் சேறு தெறிக்கிற இடம் அது. கருத்துக் கிடக்கிற பாசியை பிளீச்சிங் கரைசலால் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு அடிக்க வேண்டும். பணம் கையைக் கடிக்கிறது என்றால் முகப்பு, ஹால், வயலட் அறை, கிளிப்பச்சை அறை இவை போதும், அடுப்படி மஞ்சளை நன்றாகக் கழுவி அப்படியே விட்டுவிடலாம். வாஸ்து பார்த்துத் திசைக்கு ஒரு நிறம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் செய்ய வேண்டாம். வாங்குகிறவர் தன் ஜோசியரைக் கேட்டுத் தன் நிறத்தை அடித்துக்கொள்வார்.

திண்ணையும் முற்றமுமாகச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு வைத்திருக்கிற கும்பகோணம், மாயவரம் பக்கத்து வாசகர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அந்தச் சுவருக்கு புட்டி என்கிற நிரப்பு மாவும் எமல்ஷனும் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் காரையே பெயர்ந்து வரும். நல்ல சுண்ணாம்பு, இரண்டு மூன்று தடவை, அவ்வளவுதான். அந்த வீட்டை விரும்பி வாங்குகிறவருக்கும் அதுதான் பிடிக்கும்.

ஓதம் இருந்ததை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: சொல்லுங்கள். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி, விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லியாக வேண்டும். பூச்சைக் கொத்தியபோது, மண்ணை வெட்டியபோது, பாலிதீன் ஒட்டிப் பார்த்தபோது என்று ஒவ்வொன்றுக்கும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். அந்தக் கொத்தனார் கட்டைவிரலை எடுப்பதற்குள் நீங்களே போனை நீட்டிவிடலாம். சரிசெய்த ஓதத்துக்கு யாரும் விலையைக் குறைக்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் மறைத்த ஓதத்துக்குக் குறைப்பதைவிடக் குறைவாகத்தான் குறைப்பார்கள், பத்திரப்பதிவுக்கு அப்புறம் சண்டையும் வராது.

அம்மா விஷயம்தான் கடைசியாக வைத்தேன், அவசரப்படக் கூடாது என்பதற்காக. ஹால் ரோஸ் மாறித்தான் ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதை அவரிடம் ‘அந்த நிறம் நன்றாக இல்லை’ என்று யாரும் சொல்ல வேண்டாம், பெயிண்டரையும் சொல்லவிடாதீர்கள். அப்பா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, இத்தனை வருடம் அவர்களோடு இருந்தது. எப்படியும் தை வரை நேரம் இருக்கிறது, சுவரடியில் பூச்சைக் கொத்தியிருந்தாலும் மேலே ரோஸ் அப்படியேதான் இருக்கும், பொங்கலை அந்த ரோஸ் ஹாலிலேயே எல்லோரும் சேர்ந்து கொண்டாடிவிட்டுப் பூச்சு, பெயிண்ட் வேலையை ஆரம்பியுங்கள். அவரையும் அட்டைகளைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தத் தரையில் தினமும் நடந்தவர், வெளிச்சம் எந்த நேரம் எங்கே விழும் என்று உங்களைவிடவும் என்னைவிடவும் அவருக்குத்தான் தெரியும். திருப்பூரில் அவருக்கென்று இருக்கப்போகிற அறைக்கு அதே ரோஸை அடித்துக் கொடுங்கள். பழைய பெயிண்ட் ஒரு துண்டு பெயர்த்துக் கொண்டுபோனால் கடையில் மெஷினில் வைத்து ஏறக்குறைய அதே நிறத்தைக் கலந்து தருவார்கள். சுவரைச் சுரண்டுவதற்கு முன்பே, கதவுக்குப் பின்னால் வெயில் படாத இடத்திலிருந்து கையகலத் துண்டு எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ4 தாளோடு தரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், பகல் பதினொரு மணி வாக்கில், ஃபிளாஷ் போடாமல். ஜன்னல் எந்தத் திசை என்பதையும் கூடவே எழுதினால், எந்த மூன்று ஷேடுக்குச் சாம்பிள் வாங்குவது என்று எண்ணோடு சொல்கிறேன்.